தெருவிலிருந்து கேலரிச் சுவருக்கு: ஸ்கிரீன் பிரிண்ட் கண்காட்சி நடத்த முழுமையான வழிகாட்டி

ஸ்கிரீன் பிரிண்ட் கண்காட்சிகள் பெரும்பாலும் இரண்டு விதமாகக் கெட்டுப்போகின்றன. ஒவ்வொரு அச்சையும் கனமான ஃபிரேமுக்குள் அடைத்து, உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிற எண்ணெய் ஓவியம் போலப் பயபக்தியோடு தள்ளி நிறுத்துவது ஒரு விதம். செங்கல் படம் போட்ட வால்பேப்பரைச் சுவரில் ஒட்டி, காலி ஸ்பிரே டின்களைத் தரையில் உருட்டிவிட்டு, தெருவையே கேலரிக்குள் கொண்டுவந்துவிட்டோம் என்பது இன்னொரு விதம். இரண்டிலுமே பார்க்க வருபவரின் கண் அச்சின் மேல் நிற்பதில்லை.

அச்சில் பார்க்க என்ன இருக்கிறது? முதலில் மை. ஸ்கிரீன் என்ற, சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலையின் வழியாக அழுத்தி இறக்கப்படும் மை, தாளுக்குள் ஊறி மறைந்துவிடாமல் தாளின் மேல் ஒரு தனிப் படலமாக உட்காருகிறது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஒரு நிறம் முடியும் இடத்தில் அதன் விளிம்பே தெரியும். அடுத்தது, பிரதிகள். ஒரே படம் ஐம்பது பேரிடம் இருக்கலாம், ஐம்பதும் மூலம்தான். இந்த இரண்டையும் கண்முன் கொண்டுவர வேண்டும் என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் கீழே உள்ள ஒவ்வொரு படியையும் எழுதியிருக்கிறேன்.

1. ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள்

டிசைன், தெருக் கலாச்சாரம் என்று பொதுவாகச் சொன்னால் எல்லாமே அதற்குள் வந்துவிடும். ஸ்கேட்போர்டுப் பலகை, இசை நிகழ்ச்சிச் சுவரொட்டி, ஸ்டிக்கர், டீ-ஷர்ட், போராட்டத் தட்டி, விளம்பர எழுத்து. எல்லாவற்றையும் ஒரே அறையில் போட்டால் எதுவும் நினைவில் நிற்காது. ஒரே ஒரு கேள்வியைச் சுற்றித் தேர்ந்தெடுங்கள்.

எழுத்துதான் உங்கள் ஆர்வம் என்றால், தெருவின் விளம்பர மொழி எப்படிக் கலையாக மாறுகிறது என்று கேட்கலாம். 1960களில் லாஸ் ஏஞ்சலஸில் கன்னியாஸ்திரியாக இருந்த கோரிட்டா கென்ட், ரொட்டி உறையிலும் கடைப் பலகையிலும் இருந்த வாசகங்களை எடுத்து, வளைத்து, திருப்பி, பளிச்சென்ற நிறங்களில் அச்சிட்டார். விளம்பரத்தின் எழுத்து அவர் கையில் பிரார்த்தனையானது, பிறகு போருக்கு எதிரான குரலும் ஆனது. இசை உங்கள் பக்கம் என்றால் நிகழ்ச்சிச் சுவரொட்டிகளின் பெரிய உலகம் இருக்கிறது. அதற்கென்றே ஃபிளாட்ஸ்டாக் என்ற கண்காட்சித் தொடர் 2002இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியது. ஒரு படம் எப்படிப் பரவுகிறது என்று கேட்க விரும்பினால் அமெரிக்கத் தெருக் கலைஞர் ஷெப்பர்ட் ஃபேரி நல்ல தொடக்கம். 1989இல் மாணவராக இருந்தபோது ஸ்டிக்கரில் ஆரம்பித்தவர், 2008இல் ஒபாமாவின் முகத்தை ஸ்கிரீன் பிரிண்ட் சுவரொட்டியாக்கி உலகம் முழுக்க அறிய வைத்தார்.

போராட்டச் சுவரொட்டிகளை எடுப்பதாக இருந்தால் கொஞ்சம் நின்று யோசியுங்கள். 1968 மே மாதம் பாரிஸில் நுண்கலைப் பள்ளியைக் கைப்பற்றிய மாணவர்கள், அத்தலியே பொப்யுலேர் (மக்கள் பட்டறை) என்ற பெயரில் இரவு பகலாக ஸ்கிரீன் பிரிண்ட் சுவரொட்டிகளை அடித்துத் தள்ளினார்கள். எதிலும் கையொப்பம் இல்லை. இவை அலங்காரத்துக்கோ கலைக்கூடங்களுக்கோ உரியவை அல்ல, தெருவுக்கும் தொழிற்சாலைச் சுவருக்கும் உரியவை என்று அவர்களே எழுதிவைத்தார்கள். அந்த மறுப்பை மூடி மறைத்துவிட்டு அந்தச் சுவரொட்டிகளை மட்டும் அழகாக மாட்டினால் அது நேர்மையாக இருக்காது. காட்டலாம், ஆனால் அவர்கள் சொன்னதையும் பக்கத்திலேயே பெரிதாக எழுதிவையுங்கள். அந்த முரண்பாடு காட்சிக்குக் கனம் சேர்க்கும்.

இதற்கெல்லாம் ஆறு மாதம் முன்பே உட்கார வேண்டும். புதிய அச்சுகளும் காட்சியில் இருக்கும் என்றால் இன்னும் முன்னதாக.

2. படைப்புகள், அனுமதிகள்

ஒரு நடுத்தரமான அறைக்கு இருபத்தைந்து, முப்பது படைப்புகளே போதும். ஒரே கலைஞருடையதை இரண்டு மூன்றாகச் சேர்த்து எடுங்கள். தனியாக ஒன்று மட்டும் இருந்தால் அவர் கை புரியாது.

டிசைன் பக்கம் சாய்ந்த அச்சுகளில் அடுத்தவருடைய லோகோ, புகைப்படம், எழுத்துரு கலந்திருப்பது சகஜம். எது எங்கிருந்து வந்தது என்று கலைஞரிடம் எழுத்தில் வாங்கிவையுங்கள். ஒபாமா சுவரொட்டியே ஒரு செய்திப் புகைப்படத்தை அடிப்படையாகக் கொண்டது. அதனால் ஃபேரிக்கும் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்துக்கும் எழுந்த வழக்கு 2011இல்தான் சமரசத்தில் முடிந்தது. தெருச் சுவரில் வேறொருவர் வரைந்ததைப் படமெடுத்து அச்சாக்கியிருந்தால், வரைந்தவரைத் தேடிப் பிடித்து அனுமதி கேளுங்கள். தெருவில் இருப்பதால் அது யாருடையதும் இல்லை என்று ஆகிவிடாது.

3. அச்சைத் தயார் செய்வது

இந்தப் படியில் அவசரப்படவே கூடாது. கேலரியின் வெளிச்சத்தில் சின்னக் குறைகூட மறையாது.

தாளில் தொடங்குங்கள். 250 முதல் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) கனமுள்ள, அமிலமில்லாத பருத்தித் தாள் பல நிறங்களைத் தாங்கும், வருடக்கணக்கில் மஞ்சளாகாது. அச்சடிக்கப்போகும் அறையிலேயே தாளை ஒரு நாளாவது வைத்திருங்கள். காற்றின் ஈரத்தைக் குடித்துத் தாள் விரியும், உலர்ந்தால் சுருங்கும். ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனி ஸ்கிரீனில் அடிப்பதால், முதல் நிறத்துக்கும் நான்காம் நிறத்துக்கும் இடையில் தாள் ஒரு மில்லிமீட்டர் மாறிவிட்டால் நிறங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது.

ஸ்கிரீனுக்குப் பட்டு என்ற காலம் போய்விட்டது, இப்போது பாலியெஸ்டர் மெஷ், அதாவது வலைத்துணிதான். தாளுக்கு ஓர் அங்குலத்தில் 230 முதல் 305 இழை வரை உள்ள மெஷ் பொருந்தும். துணிக்கு 110 அளவில் இருந்தால் போதும், மை நிறைய இறங்க வேண்டும் என்பதால். புகைப்படத்தின் வெளிச்சத்தையும் நிழலையும் பெரிதும் சிறிதுமான ஹாஃப்டோன் புள்ளிகளாக்கும்போது, மெஷில் உள்ள இழைகளின் எண்ணிக்கை புள்ளி வரிசைகளின் எண்ணிக்கையைப் போல நான்கைந்து மடங்காவது இருக்கட்டும். 230 இழை மெஷ் அங்குலத்துக்கு 45 வரிசை வரை தாங்கும். புள்ளி வரிசையைக் கொஞ்சம் சாய்த்து வையுங்கள், 22.5 டிகிரி பலருக்கும் கைகொடுக்கிறது. இல்லையென்றால் மெஷும் புள்ளியும் சேர்ந்து அலை அலையாக ஒரு கோலத்தைப் போட்டுவிடும். சிலர் அந்த அலையையே வேண்டுமென்று வரவைப்பார்கள். அது தெரிந்து செய்கிற காரியமாக இருந்தால் எனக்குப் பிடிக்கும்.

ஃபிலிம் பாசிட்டிவில் (படத்தைக் கறுப்பில் அச்சிட்ட தெளிவான பிளாஸ்டிக் தாளில்) கறுப்பு முழுக் கறுப்பாக இருக்கட்டும். விளக்கில் பிடித்துப் பார்த்தால் வெளிச்சம் ஊடுருவக் கூடாது. ஸ்கிரீனில் எமல்ஷன் (வெளிச்சம் பட்டால் கெட்டிப்படும் பூச்சு) பூசி, இருட்டில் நன்றாக உலரவிட்டு, ஃபிலிமை மேலே வைத்துப் புறஊதா விளக்கில் காட்டி, தண்ணீரில் கழுவுங்கள். படம் இருக்கும் இடம் கரைந்து திறக்கும், மற்ற இடம் கெட்டிப்படும். எவ்வளவு நேரம் வெளிச்சம் காட்டுவது என்பது விளக்குக்கும் எமல்ஷனுக்கும் தகுந்தபடி மாறும். ஒரே ஸ்கிரீனில் பட்டை பட்டையாக வெவ்வேறு நேரம் காட்டிச் சோதித்துப் பார்ப்பதுதான் சரியான வழி.

அடிக்கும்போது ஸ்கிரீன் தாளைத் தொட்டுக்கொண்டே கிடக்கக் கூடாது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். ஸ்குவீஜி (மையை அழுத்தி இழுக்கும் ரப்பர் பட்டை) போகும் இடத்தில் மட்டும் மெஷ் தாளைத் தொட்டு உடனே விலக வேண்டும். அப்போதுதான் விளிம்பு கத்தியால் வெட்டியது போல வரும். ஒரு பிரதிக்கும் அடுத்த பிரதிக்கும் நடுவில் ஸ்கிரீனைத் தூக்கி, அழுத்தாமல் ஒரு முறை மையைப் பரப்பிவிடுங்கள். மெஷில் மை உலர்ந்து அடைத்துக்கொள்ளாது.

நிறங்களின் வரிசை பொதுவாக வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போகும். ஒளிபுகும் மையை ஒன்றின் மேல் ஒன்றாக அடித்து, இரண்டு ஸ்கிரீனில் மூன்று நிறம் எடுப்பது இந்தக் கலையின் பெரிய சந்தோஷங்களில் ஒன்று. பக்கத்துப் பக்கத்தில் வரும் நிறங்களுக்கு நடுவில் அரை மில்லிமீட்டராவது ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கட்டும், வெள்ளைக் கோடு எட்டிப்பார்க்காது.

50 பிரதி வேண்டுமென்றால் 60 தாளில் தொடங்குங்கள். சில கண்டிப்பாகப் போகும். அடித்து முடித்ததும் எல்லாவற்றையும் சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஊசிப் புள்ளி, நிறம் விலகியது, பின்பக்கம் மை பட்ட விரல் ரேகை, ஓரத்தில் மடிப்பு. கழிக்க வேண்டியதைத் தயங்காமல் கழியுங்கள். தொட்டால் உலர்ந்தது போலத் தெரிந்தாலும் ஓர் இரவு ரேக்கில் விட்ட பிறகே அடுக்குங்கள், நடுவில் கிளாசின் என்ற வழவழப்பான மெல்லிய தாள் வைத்து.

4. எண்ணும் கையொப்பமும்

படத்துக்குக் கீழே, பென்சிலில். இடது பக்கம் 12/50 என்பது போல எண் (50 பிரதிகளில் 12ஆவது), நடுவில் தலைப்பு, வலது பக்கம் கையொப்பம். கலைஞர் தனக்கென்று வைத்துக்கொள்ளும் பிரதிகளுக்கு ஏ.பி. (ஆர்ட்டிஸ்ட்ஸ் புரூஃப்) என்ற குறி போடுவார்கள். அவை எடிஷனில், அதாவது எண்ணிட்ட பிரதிகளின் மொத்தத் தொகுப்பில், பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருப்பது மரியாதை. அச்சகத்தாருக்குத் தரும் பிரதி பி.பி. (பிரிண்டர்ஸ் புரூஃப்). எத்தனை பிரதி என்று அறிவித்தீர்களோ அதற்கு மேல் ஒன்றுகூடக் கூடாது. வாங்குபவர் உங்களை நம்புவது இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான்.

எல்லாப் பிரதியிலும் கையொப்பம் வேண்டும் என்றில்லை. பெயரை மறைத்து இயங்கும் பிரிட்டிஷ் தெருக் கலைஞர் பேங்க்ஸியின் பலூன் சிறுமி அச்சு 2004இல் வந்தபோது 150 பிரதிகளில் கையொப்பம் இருந்தது, 600 பிரதிகளில் இல்லை. எடிஷனை இப்படி இரண்டாகப் பிரித்தால் கொஞ்சமாகச் செலவழிக்க முடிந்தவரும் அதே படத்தை எடுத்துக்கொண்டு போகலாம்.

5. ஒப்பந்தம், விலை, விற்பனை

கலைஞருக்கும் கேலரிக்கும் நடுவில் எழுத்தில் இருக்க வேண்டியவை: எத்தனை பிரதி ஒப்படைக்கப்படுகிறது, விற்றால் யாருக்கு எவ்வளவு பங்கு, பணம் எப்போது கைக்கு வரும், சேதமானால் யார் பொறுப்பு, ஃபிரேம் செலவு யாருடையது, விற்காதவை எந்தத் தேதிக்குள் திரும்பும். பல கேலரிகள் பாதி வரை எடுத்துக்கொள்கின்றன, அதை மனதில் வைத்து விலையைக் கணக்கிடுங்கள். ஒரே அச்சுக்கு கேலரியில் ஒரு விலை, கலைஞரிடம் நேரில் ஒரு விலை என்று மட்டும் இருக்கவே கூடாது.

சுவரில் இருக்கும் பிரதி கடைசி நாள் வரை சுவரிலேயே இருக்கட்டும். விற்பனை இழுப்பறையில் உள்ள பிரதிகளிலிருந்து நடக்கட்டும். விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் லேபிளின் ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு வையுங்கள். ஒரே படத்தின் பக்கத்தில் பொட்டுகள் வரிசையாகக் கூடிக்கொண்டே போவதைப் பார்க்கும்போது, இது பலரிடம் போய்ச் சேரும் கலை என்பது யாரும் சொல்லாமலே புரியும்.

எண்ணில்லாத சிறு அச்சுகள், ஸ்டிக்கர்கள், டீ-ஷர்ட்டுகளுக்குத் தனி மேசை போடுங்கள். அமெரிக்கக் கலைஞர் கீத் ஹேரிங் 1986இல் நியூயார்க்கில் பாப் ஷாப் என்ற கடையைத் திறந்தபோது கலை உலகத்தில் பலர் முகம் சுளித்தார்கள். பள்ளிப் பிள்ளைகளும் தன் படத்தை வாங்கிப் போக வேண்டும் என்று அவர் நினைத்தது எனக்கு இன்றைக்கும் சரியாகவே படுகிறது.

6. ஃபிரேம் போடுவதும் போடாததும்

எல்லாவற்றுக்கும் ஃபிரேம் வேண்டாம். எண்ணிட்ட, விலை கூடிய அச்சுகளுக்குப் போடுங்கள். தாளின் நான்கு ஓரமும் தெரியும்படி அட்டையின் மேல் மிதப்பது போல மவுண்ட் செய்தால் தாளின் கனமும் கிழிந்த ஓரமும் அழகாகத் தெரியும். பின் அட்டை அமிலமில்லாததாக இருக்கட்டும். அச்சை ஒட்ட ஜப்பானியத் தாள் துண்டுகளும் கோதுமை ஸ்டார்ச் பசையும் போதும். செலோ டேப், இரட்டைப் பக்க டேப் கிட்டேயே வரக் கூடாது. கண்ணாடிக்கும் அச்சுக்கும் நடுவில் இடைவெளிப் பட்டை கண்டிப்பாக வையுங்கள். தடிப்பான மை கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஈரத்திலும் சூட்டிலும் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது படம் உரிந்து வரும்.

சுவரொட்டியாகவே பிறந்ததைக் கண்ணாடி இல்லாமல் காட்டுங்கள். சுவரில் இரும்பு ஆணித் தலைகளைப் பதித்து, தாளின் மேல் சிறு காந்தம் வைக்கலாம். காந்தத்துக்கும் அச்சுக்கும் நடுவில் ஒரு துண்டுத் தாள் இருந்தால் தழும்பு விழாது.

சுவரில் நேரடியாக ஒட்டுவதாக இருந்தால் அதற்கென்று மெல்லிய தாளில் தனியாக அடியுங்கள், அவை திரும்பி வராது. ஒரு பங்கு கோதுமை மாவுக்கு நான்கு பங்கு தண்ணீர் ஊற்றிக் காய்ச்சிய பசை போதும். சுவரில் ஒரு மூலையில் ஒட்டி, பெயின்ட் உரிகிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். இடத்தின் சொந்தக்காரரிடம் அனுமதி வாங்கியிருக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

7. சுவரில் மாட்டுதல்

படத்தின் மையப் புள்ளி தரையிலிருந்து 145 முதல் 152 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். கணக்கு சுலபம். மைய உயரத்தோடு ஃபிரேமின் பாதி உயரத்தைக் கூட்டி, ஃபிரேமின் பின்பக்கத்து மாட்டும் கம்பியை மேல்நோக்கி இழுத்துப் பிடித்தால் அது மேல் விளிம்பிலிருந்து எவ்வளவு கீழே நிற்கிறதோ அதைக் கழியுங்கள். 70 செ.மீ. உயர ஃபிரேம், கம்பி 8 செ.மீ. கீழே, மையம் 145 என்றால், ஆணி 172இல்.

அதற்கு முன் எல்லாவற்றையும் தரையில் சுவரோரமாகச் சாய்த்து வைத்து ஒரு நாள் நடந்து நடந்து பாருங்கள். நிறத்தை வைத்து அடுக்காதீர்கள், கேள்வியை வைத்து அடுக்குங்கள். கதவைத் திறந்ததும் எது கண்ணில் படும், திரும்பி நிற்கும்போது எது என்று இரண்டு இடங்களை முதலில் முடிவு செய்தால் மற்றவை தானாக இடம் பிடிக்கும்.

ஒரு சுவரையாவது திரும்பத் திரும்ப வரும் படத்துக்கு ஒதுக்குங்கள். ஒரே எடிஷனின் பன்னிரண்டு பிரதிகளை ஐந்து செ.மீ. இடைவெளியில் கட்டம் கட்டமாக மாட்டலாம். அமெரிக்கப் பாப் கலைஞர் ஆண்டி வார்ஹோல் 1962இல் நடிகை மெர்லின் மன்றோவின் ஒரே முகத்தை ஐம்பது முறை அடித்தார். ஒரு பாதி வண்ணத்தில், மறு பாதி கறுப்பு மையில். கறுப்புப் பாதியில் மை சில இடத்தில் அப்பியும் சில இடத்தில் வற்றி மங்கியும் போகும். ஒரே ஸ்கிரீன், ஒரே முகம், ஆனாலும் எதுவும் இன்னொன்று போல இல்லை. பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். தனியாக மாட்டிய ஒற்றை அச்சு அதை எப்போதும் காட்டாது.

அதேபோல ஒரு படத்தின் உள்ளே இருப்பதையும் பிரித்துக் காட்டுங்கள். முதல் நிறம் மட்டும், முதலிரண்டு நிறம், மூன்றும் சேர்ந்தது என்று சோதனை அச்சுகளை வரிசையாக. பக்கத்தில் அந்த ஃபிலிம்கள், எமல்ஷன் பூசிய ஸ்கிரீன், தேய்ந்த ஸ்குவீஜி. முன்பின் தெரியாதவர்கூட அந்தச் சுவரின் முன் பத்து நிமிடம் நிற்பார்.

8. வெளிச்சம்

பழைய தாள் படைப்புகளுக்கு அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவைத்தான் வைத்துக்கொள்கின்றன. புதிதாக அடித்து, சில வாரங்கள் மட்டும் மாட்டும் அச்சுக்குக் கொஞ்சம் கூடினால் பரவாயில்லை. ஆனால் நேர் வெயில் கூடவே கூடாது. தெருச் சுவரொட்டிகளில் அதிகம் வரும் ஃபுளோரசன்ட் ஆரஞ்சும் பிங்கும்தான் முதலில் வெளிறும், அவற்றை ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள்.

விளக்கை 30 டிகிரி அளவில் சாய்த்து வைத்தால் கண்ணாடியில் பிரதிபலிப்பும் குறையும், பார்ப்பவரின் நிழலும் படத்தில் விழாது. கண்ணாடி போடாத ஓரிரு அச்சுக்கு மட்டும் பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் கொடுங்கள். மையின் தடிப்பு அங்கே எழுந்து நிற்கும்.

9. லேபிள்கள்

கலைஞர் பெயர், தலைப்பு, ஆண்டு, எத்தனை நிறம், என்ன தாள், அளவு, எடிஷன் எண். நிற எண்ணிக்கையைப் பலர் எழுதுவதில்லை. எழுதுங்கள், "ஏழு நிற ஸ்கிரீன் பிரிண்ட்" என்று படித்தவுடன் கண் தானாக ஏழையும் தேட ஆரம்பிக்கும். நுழைவாயில் உரை நூறு நூற்றைம்பது சொல்லுக்குள் முடியட்டும். 12/50 என்றால் என்ன என்பதை எங்காவது ஓரிடத்தில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

10. திறப்பு நாளில் நேரடி அச்சு

முடிந்தால் இதைக் கண்டிப்பாகச் செய்யுங்கள். ஒரே நிறம், ஏ4 அளவு, தண்ணீரில் கரையும் மை. ஸ்கிரீனைக் கதவு போலத் தூக்கி இறக்க மேசையில் கீல் கிளாம்ப் மாட்டிப் பொருத்துங்கள், தாள் வைக்க மூன்று இடத்தில் தடுப்பு ஒட்டுங்கள். அதே படத்தோடு இன்னொரு ஸ்கிரீன் தயாராக இருக்கட்டும், கூட்டத்தின் நடுவில் மெஷ் அடைத்துக்கொள்ளும். உலரவைக்கக் கொடியும் கிளிப்பும், அவசரத்துக்கு ஹேர் டிரையர். ஃபிரேம் போட்ட படைப்புகளிலிருந்து தள்ளி, தரையில் விரிப்புப் போட்டு வையுங்கள்.

ஸ்குவீஜியை வந்தவர்கள் கையில் கொடுங்கள். 45 டிகிரிக்குக் கொஞ்சம் மேல் சாய்த்துப் பிடித்து, இரண்டு கையாலும் ஒரே அழுத்தத்தில் இழுக்கச் சொல்லுங்கள். ஸ்கிரீனைத் தூக்கியதும் கீழே படம் இருப்பதைப் பார்க்கும் முகத்தை நான் எத்தனை முறை பார்த்தாலும் சலிக்காது. அப்படி ஒன்று இழுத்துப் பார்த்தவர் திரும்பச் சுவருக்குப் போய் அதே அச்சுகளை வேறு கண்ணோடு பார்ப்பார்.

11. கழற்றும் நாள்

மாட்டும்போது எடுத்த படங்களை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றின் நிலையையும் சரிபார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணாடி போட்டவை வண்டியில் போவதாக இருந்தால் கண்ணாடியின் மேல் குறுக்கு நெடுக்காக டேப் ஒட்டுங்கள், உடைந்தாலும் சில்லு அச்சின் மேல் விழாது. ஃபிரேம் இல்லாதவை தட்டையாக, கிளாசின் தாள் நடுவில் வைத்து, இரண்டு கனமான அட்டைகளுக்கு நடுவில். சுருட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அகலமான குழாய், படம் வெளிப்பக்கம் இருக்கும்படி.

எந்த எண் யாரிடம் போனது என்ற பட்டியலை முடித்து, ஒரு பிரதி கலைஞருக்கு, ஒரு பிரதி கேலரிக்கு. எடிஷன் முழுதும் அடித்து முடித்திருந்தால் எமல்ஷனைக் கழுவி ஸ்கிரீனைக் காலி செய்துவிடுங்கள். ஃபிலிமைக் கலைஞரிடம் ஒப்படைத்து, இனி அந்தப் படம் அதே வடிவில் அடிக்கப்படாது என்று எழுதி வாங்கிக் கோப்பில் வையுங்கள். சுவரில் ஒட்டியவற்றை வெந்நீர் தெளித்து, ஊறவிட்டு, அகலமான தகட்டால் சுரண்டினால் வந்துவிடும்.